ஜூன் மாதம் காரோ மலைக்கு ஊழியத்துக்குப் போகிறோம்: எதை எடுக்க, எதை விட?

தக்கலை தம்பி:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நானும் மனைவியும் மூன்று வயது மகளும் ஜூன் முதல் வாரம் மேகாலயாவுக்குக் கிளம்புகிறோம். காரோ மலையின் முக்கிய ஊரான துராவிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். மூன்று வருட ஊழியம். எனக்குப் பள்ளியும் விடுதியும், அவளுக்கு அங்குள்ள சிறு மருந்தகம் (அவள் நர்ஸ்). கையில் இன்னும் எட்டு வாரம் இருக்கிறது.

வெயிலும் மழையும் நமக்குப் புதிதில்லை, ஆனியிலும் ஐப்பசியிலும் இரண்டு மழையும் பார்க்கிற கன்னியாகுமரி ஜில்லாதானே என்று வீட்டில் சொல்கிறார்கள். ஆனாலும் அங்கே இருந்து வந்தவர்கள் எல்லாரும் "பூஞ்சணம், பூஞ்சணம்" என்கிறார்கள். துணிமணி எப்படிப்பட்டது, எத்தனை? எந்த ஊசி, எப்போது தொடங்க வேண்டும்? வேதாகமம், பாடப்புத்தகங்கள், சான்றிதழ்களை எப்படிக் காப்பது? சபைக்கு ஒரு கீபோர்டும் கொண்டுபோக ஆசை. தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

திருவட்டார் அண்ணன்:

தம்பி, முதலில் வீட்டில் சொல்கிற அந்தப் பேச்சை ஒதுக்கி வையுங்கள். நம்மூரில் மழை பெய்யும், வெறிக்கும், வெயில் முகம் காட்டும், கடல்காற்று அடித்துத் துணி மத்தியானத்துக்குள் உலர்ந்துவிடும். காரோ மலையில் பெய்யும் மழை நம் ஜில்லாவின் இரண்டு மடங்குக்கு மேல். அதில் பெரும்பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டித் தீர்க்கும். மழை விட்ட நேரத்திலும் காற்றில் ஈரம் குறையாது. அங்கே நனைந்து கெட்டுப்போகிற சாமான் கொஞ்சம்தான். உலராமல் கெட்டுப்போவதுதான் அதிகம். ஆகவே எதைப் பெட்டியில் வைக்கும் முன்பும் "இது நனைந்தால் எத்தனை மணி நேரத்தில் காயும்?" என்று கேளுங்கள். ஒரு ராத்திரிக்குள் விசிறிக் காற்றில் காயாத எதுவும் வேண்டாம்.

இந்தக் கணக்கில் ஜீன்ஸ் முதலில் கழிந்துவிடும். அது இரண்டு நாளானாலும் இடுப்புப் பட்டையில் ஈரமாகவே இருக்கும். தடித்த சுத்தப் பருத்தியும் அப்படியே. பாலியஸ்டரும் பருத்தியும் கலந்த மெல்லிய துணி எடுங்கள். முழு பாலியஸ்டர் காயும், ஆனால் வியர்வையை உறிஞ்சாது, அக்குளில் வேர்க்குரு வரும். ஆளுக்கு அன்றாடம் உடுக்க 4 செட், ஆராதனைக்கு 1 செட் போதும். உள்ளாடை மட்டும் 8 எடுங்கள், அதுதான் கடைசிவரை காயாது. மகளுக்கு 8 செட். வாங்கும்போது ஒரு அளவு பெரியதாக இரண்டு சேர்த்து எடுத்தால் அடுத்த வருடத்துக்கும் ஆகும். டர்க்கி டவல் வேண்டவே வேண்டாம். நம்மூர் மெல்லிய துவர்த்து (துண்டு) ஆளுக்கு 3. அதற்கு நிகரான துணி வேறு இல்லை. பிழிந்து உதறிப் போட்டால் இரண்டு மணி நேரம். கைலியும் அப்படித்தான், போர்வையாகவும் ஆகும். வீட்டம்மாவுக்கு ஆராதனைக்கு இரண்டு மெல்லிய கலப்புச் சேலை, மற்ற நாளுக்குச் சுரிதார். சேலையின் கீழ்க்கரையில் செம்மண் சேறு ஏறினால் உள்பாவாடை வரை போய்விடும்.

செருப்பு, ஷூவில் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. பி.யு. (பாலியூரித்தேன்) சோல் ஈரக் காற்றில் தானாகவே சிதையும். போடாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் ஒரு நாள் எடுத்துப் போட்டால் பிஸ்கட் மாதிரி உதிர்ந்துவிடும். ரப்பர், பி.வி.சி., ஈ.வி.ஏ. சோல் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஒட்டியதைவிடத் தைத்தது நல்லது. தேய்ந்த ஹவாய் செருப்பு களிமண் சரிவில் வழுக்கும். முழங்கால் உயரக் கம்பூட் ஆளுக்கு ஒரு ஜோடி, ஒரு அளவு பெரியதாக, உள்ளே சாக்ஸ் போட்டு நடக்கிற மாதிரி. இரவில் வாசலில் நிமிர்த்தி வைத்தால் காலையில் கவிழ்த்துத் தட்டிவிட்டுத்தான் கால் நுழைக்க வேண்டும். தேளும் பூரானும் அங்கேதான் படுக்கும்.

ரெயின்கோட் இரண்டு துண்டாக, மேல்சட்டை தனி, கால்சட்டை தனி. தையல் கோட்டுக்கு உள்பக்கம் டேப் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். டேப் இல்லையென்றால் அரை மணி நேரத்தில் தோளில் கசியும். குடை ஆளுக்கு ஒன்று. மூன்றாக மடங்குகிற குடை மலைக்காற்றுக்கு நிற்காது, நீளக் கம்பிக் குடை எடுங்கள்.

இனி பெட்டி. தகர டிரங்குப் பெட்டியின் அடிப்பாகம் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடிக்கும். மூடி இறுகப் பூட்டுகிற நீல பிளாஸ்டிக் டிரம், 50 லிட்டர் அளவில் இரண்டு எடுத்தால், பயணத்திலும் நனையாது, அங்கே போனபின் அரிசி வைக்கவும் ஆகும். உள்ளே சாமான்களைக் கனத்த பாலித்தீன் உறையில் தனித்தனியாகக் கட்டுங்கள். நம்மூரிலிருந்து கிளம்புகிற விவேக் எக்ஸ்பிரஸில் கௌஹாத்திக்கு மூன்று இரவு. ஸ்லீப்பர் டிக்கெட்டுக்கு ஆளுக்கு 40 கிலோ இலவசம், அதாவது உங்கள் இருவருக்கும் 80 கிலோ. மீதியைப் பார்சல் ஆபீஸில் முன்கூட்டியே எடை போட்டுப் பதிவு செய்யுங்கள். ரயிலில் ஏறியபின் பிடித்தால் அபராதத்தோடு கட்ட வேண்டும். கௌஹாத்தியிலிருந்து துராவுக்குச் சாலையில் சுமார் 220 கிலோமீட்டர். ஜூனில் மண் சரிந்து வண்டி நிற்பது உண்டு. ஒரு நாள் மாற்றுத்துணி, மருந்து, குழந்தைக்கு உணவு, தண்ணீர் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும், டிரம்மில் போய்விட வேண்டாம்.

நெய்யூர் சிஸ்டர்:

அண்ணன் துணியைச் சொல்லிவிட்டார்கள், நான் ஊசியும் மருந்தும் சொல்கிறேன். தம்பி, எட்டு வாரம் என்பது சரியாகப் போதும். ஆனால் இந்த வாரமே தொடங்க வேண்டும். மருத்துவரிடம் இந்தப் பட்டியலோடு போங்கள்.

டெட்டனஸ் ஊசி போட்டு 10 வருடம் ஆகியிருந்தால் மறுபடி ஒன்று. டைபாய்டு ஒன்று. ஹெப்படைட்டிஸ் ஏ ஒன்று இப்போது, 6 மாதம் கழித்து இரண்டாவது. அந்த இரண்டாவதை அங்கே எங்கே போடுவது என்று இப்போதே கேட்டு வையுங்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் அஸ்ஸாமில் மழைக்காலம் தோறும் தலைகாட்டுவது. நீங்கள் அதைத் தாண்டித்தான் போகிறீர்கள், அதன் எல்லையை ஒட்டித்தான் இருக்கப்போகிறீர்கள். இரண்டு டோஸ் வகையென்றால் 28 நாள் இடைவெளி வேண்டும், அதனால்தான் அவசரம். மகளுக்கு முன்பே போட்டிருக்கிறதா என்று தடுப்பூசி அட்டையைப் பாருங்கள்.

வெறிநாய்க்கடிக்கு முன்கூட்டியே போடும் ஊசி 0, 7, 21 ஆகிய நாட்களில். இதைப் பலர் தேவையில்லை என்று விடுகிறார்கள். என் கருத்தில் ஒதுக்குப்புறக் கிராமத்துக்குக் குழந்தையோடு போகிறவர்களுக்கு இது முக்கியம். முன்பே போட்டிருந்தால், கடித்தபின் 0, 3 என்று இரண்டு ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் (கடிவாயில் போடும் எதிர்ப்புப் புரத மருந்து) வேண்டாம். அந்த இம்யூனோகுளோபுலின்தான் சின்ன ஊர்களில் கிடைக்காத மருந்து. மனைவி நர்ஸ் என்பதால் ஹெப்படைட்டிஸ் பி மூன்று டோஸும் முடிந்ததா, இரத்தத்தில் எதிர்ப்பு அளவு 10-க்கு மேல் இருக்கிறதா என்று ஒரு பரிசோதனை செய்துகொள்ளட்டும்.

இனி மலேரியா. காரோ மலையில் ஃபால்சிபாரம் வகை உண்டு. மூளையைத் தாக்குகிற வகை அதுதான், ஓரிரு நாள் தாமதமே ஆளைக் கொன்றுவிடும். குறுகிய காலம் போகிறவர்களுக்குத் தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள். மூன்று வருடம் தினமும் மாத்திரை விழுங்குவது நடைமுறையில் ஆகாது. அந்த மாத்திரைகளில் ஒன்றான டாக்ஸிசைக்கிளின் குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் கொடுக்கவும் கூடாது. முதல் மழைக்காலத்துக்கு மட்டும் ஏதாவது வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். உங்கள் உண்மையான காவல் வலைதான். மருந்து ஊறிய நீண்டகாலக் கொசுவலை ஒன்று பெரியவர்களுக்கு, ஒன்று மகளுக்கு. கம்பியில் தொங்கவிட்டு விளிம்பைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருக வேண்டும். அங்குள்ள மலேரியாக் கொசு பெரும்பாலும் நடுராத்திரியில்தான் கடிக்கும். சாயங்காலம் மட்டும் கொசுவத்தி ஏற்றிவிட்டு வலையில்லாமல் படுப்பது பலிக்காது. வலையைச் சலவைத்தூளில் ஊறவைக்காதீர்கள், குளிக்கிற சோப்பில் அலசி நிழலில் உலர்த்துங்கள். 20 முறை துவைத்தாலோ 3 வருடம் ஆனாலோ அதன் மருந்து தீர்ந்தது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

காய்ச்சல் எதுவானாலும் 24 மணி நேரத்துக்குள் இரத்தப் பரிசோதனை. "மழையில் நனைந்த காய்ச்சல், பாராசிட்டமால் போட்டுப் பார்ப்போம்" என்று இரண்டு நாள் தள்ளக் கூடாது. ஆஷா பணியாளரிடம் (கிராமச் சுகாதாரப் பணியாளர்) விரல்நுனி இரத்தத்தில் பார்க்கும் கிட் இருக்கும். வடகிழக்கில் ஃபால்சிபாரத்துக்கு ஆர்ட்டிமீத்தர், லூமிஃபான்ட்ரின் சேர்ந்த மாத்திரையைத்தான் தருவார்கள், 3 நாளில் 6 வேளை. பாலோடோ எண்ணெய் சேர்ந்த உணவோடோ சாப்பிட்டால்தான் உடம்பில் ஏறும், வெறும் வயிற்றில் வீண். விவாக்ஸ் வகை வந்தால் 14 நாள் பிரைமாகுயின் மாத்திரை தருவார்கள். அதற்கு முன் ஜி6பிடி (இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும், குறைபாடு உள்ளவர்களுக்கு அது இரத்த அணுக்களை உடைத்துவிடும். மூன்று பேருக்கும் அந்தப் பரிசோதனையை இங்கேயே செய்து, ரிசல்ட்டை மருந்துப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். எந்த லேபில் செய்கிறார்கள் என்று போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போங்கள், எல்லா இடத்திலும் இல்லை. விடுமுறைக்கு ஊருக்கு வந்தபின் காய்ச்சல் கண்டாலும் "மேகாலயாவிலிருந்து வந்திருக்கிறோம்" என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

காய்ச்சலோடு உடம்பில் எங்காவது கறுத்த பொருக்கு மாதிரி ஒரு புண் இருக்கிறதா என்று பாருங்கள். அக்குள், இடுப்பு மடிப்பு, மார்புக்கடியில் ஒளிந்திருக்கும், வலிக்காது. அது ஸ்க்ரப் டைபஸ் என்ற, புதர்ச் சிற்றுண்ணி கடித்து வரும் காய்ச்சலின் அடையாளம். மலேரியா இல்லை என்று வந்து காய்ச்சல் மட்டும் நிற்காவிட்டால் இதை நினைக்க வேண்டும்.

தோல்தான் தினசரித் தொல்லை. சேற்றுப்புண்ணும் படர்தாமரையும் வராத ஆள் இல்லை. க்ளோட்ரிமசோல் 1 சதவீதக் களிம்பு 6 ட்யூப் எடுங்கள். தினம் இரண்டு வேளை, புண்ணின் விளிம்பைத் தாண்டி ஒரு விரல் அகலம் வரை தடவி, மறைந்தபின்னும் இரண்டு வாரம் தொடர வேண்டும். நான்கு நாளில் அரிப்பு நின்றதும் நிறுத்துவதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தொடாதீர்கள். லேபிளில் க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் கடைக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும் வேண்டாம். முதல் வாரம் அற்புதமாகக் கேட்கும், பிறகு இரண்டு மடங்காகப் பரவி எந்த மருந்துக்கும் அடங்காது.

மீதி மருந்து: ஓ.ஆர்.எஸ். 20 பொட்டலம், மகளுக்கு ஜிங்க் 20 மில்லிகிராம் மாத்திரை (வயிற்றுப்போக்குக்கு 14 நாள்), பாராசிட்டமால், தெர்மாமீட்டர் இரண்டு, பேன்டேஜ், பாவிடோன் அயோடின். மாத்திரை அட்டையிலேயே இருக்கட்டும், பாட்டிலில் உதிர்த்துப் போட்டால் ஈரம் இழுத்துக் குழையும்.

பேச்சிப்பாறை:

இரத்தம் உறிஞ்சும் அட்டையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. கோதையாறு, மாறாமலைப் பக்கம் வேலை பார்க்கிறவர்களுக்கு இது தெரிந்த கதை. நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால் வரை வருகிற அட்டைச் சாக்ஸ், ஆளுக்கு 2 ஜோடி. நூல் இழைச் சாக்ஸ் வழியாக அட்டை நுழைந்துவிடும். கால்சட்டையை உள்ளே விட்டு மேலே கட்ட வேண்டும். வெளிப்புறம் உப்பும் புகையிலையும் ஊறிய தண்ணீர் தடவலாம், ஆனால் மழையில் கழுவிப் போய்விடும், மணிக்கு ஒருமுறை திரும்பத் தடவ வேண்டும்.

கடித்த அட்டையைச் சூடு வைத்தோ உப்புப் போட்டோ விழவைக்கக் கூடாது. அது வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள் கக்கும். மெலிந்த முனைதான் வாய்ப்பக்கம். தோலை ஒட்டி நகத்தைப் பக்கவாட்டில் நகர்த்தினால் பிடி விடும், உடனே மறுமுனையையும் அப்படியே. இரத்தம் உறையாமலிருக்க அது ஒரு சுரப்பை விடுவதால் ஒரு மணி நேரத்துக்கு மேலும் கசியும், பயப்பட வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவி அழுத்திக் கட்டுங்கள். சொறியாமல் இருப்பதுதான் கஷ்டம், சொறிந்தால் அந்த ஈரத்தில் சீழ் வைக்கும்.

தக்கலை தம்பி:

அண்ணனுக்கும் சிஸ்டருக்கும் ரொம்ப நன்றி. ஜி6பிடி என்ற பெயரையே இப்போதுதான் கேட்கிறேன், திங்கட்கிழமை போகிறோம். இன்னும் இரண்டு கேள்வி. அம்மா 15 கிலோ சம்பா அரிசி, மிளகாய்ப்பொடி, அச்சார், கருவாடு என்று கட்டத் தொடங்கிவிட்டார்கள். தேவையா? குடிதண்ணீருக்குக் கரண்டில் ஓடும் யு.வி. ஃபில்டர் ஒன்று பரிசாக வந்திருக்கிறது, கொண்டுபோகலாமா?

கோட்டாறு:

அரிசி வேண்டாம். அவர்களும் அரிசிச் சோறு சாப்பிடுகிற ஜனம்தான். கருவாடும் வேண்டாம், அங்கே நாகாம் என்றாலே கருவாடுதான், அதைப் போட்ட நாகாம் பிச்சி என்ற காரச்சாறுதான் வீட்டுக்கு வீடு. நம்மூர்க்காரர் நாக்குக்கு அது சீக்கிரம் பிடிக்கும். (நம் ஜில்லாவில் சிலர் மரச்சீனியை (மரவள்ளிக் கிழங்கை) கப்பை என்பார்கள். அங்கே கப்பா என்றால் சோடாக்காரம் போட்டு வேகவைத்த கறி. குழம்பிவிடாதீர்கள்.) அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லி, கொட்டை எடுத்த பழம்புளி 2 கிலோ, நல்லமிளகு அரைக் கிலோ, மல்லிப்பொடி ஒரு கிலோ, சாம்பார்ப்பொடி, இஞ்சி ஊறுகாய் என்று அடக்கிக்கொள்ளுங்கள். பொடிகளை வறுத்து, நன்றாக ஆறவிட்டு, 100 கிராம் வீதம் ஒட்டிய உறைகளில். சூடு ஆறாமல் கட்டினால் உள்ளேயே வியர்த்துக் கட்டி தட்டும். பெரிய டப்பாவில் ஒரே பொடியாக வைத்தால் திறக்கிற ஒவ்வொரு தடவையும் ஈரம் ஏறும். வாளி, குடம், பாய், அடுப்பு, சட்டி எதையும் சுமக்காதீர்கள், துரா சந்தையில் எல்லாம் உண்டு. உள்ளூரில் வாங்கினால் பழுதுபார்க்கவும் ஆள் கிடைக்கும், நாலு பேரோடு பழக்கமும் வரும்.

யு.வி. ஃபில்டர் வேண்டாம். மழையில் கரண்டு போகும்போதுதான் தண்ணீர் கலங்கி வரும், அப்போது அது சும்மா நிற்கும். கலங்கிய தண்ணீருக்குள் அந்த ஒளி ஊடுருவவும் செய்யாது. துவர்த்தை நாலாக மடித்து வடிகட்டி, தெளியவிட்டு, தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிட்டால் போதும். வேண்டுமானால் மெழுகுவர்த்தி மாதிரி பீங்கான் உருளை வைக்கிற ஸ்டீல் ஃபில்டர் வாங்கி, உருளை 2 உபரியாக எடுங்கள்.

குளிரை எல்லாரும் மறக்கிறார்கள். டிசம்பர், ஜனவரியில் இரவுக் குளிர் கன்னியாகுமரிக்காரர் உடம்பு அறியாதது. தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கட்டியாக உறைந்து நிற்கும். ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர், மகளுக்குக் காதை மூடும் தொப்பி. கம்பளி அங்கே வாங்கலாம், நம்மூர்க் கடையில் கிடைக்கிற மெல்லியது பற்றாது.

அண்ணன் சொன்ன டிரம் யோசனையில் ஒரு திருத்தம்: சாமானுக்கு டிரம் சரி, துணிக்கு வேண்டாம். காற்று புகாத டிரம்மில் லேசான ஈரத்தோடு ஒரு துணியை வைத்தால் பத்தே நாளில் எல்லாத் துணியும் நாறும். துணி திறந்த அலமாரியில், சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி, தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில். பாச்சா உருண்டை பூச்சிக்குத்தான், பூஞ்சணத்துக்கு ஒன்றும் செய்யாது. குழந்தை எடுத்து வாயில் போட்டால் ஆபத்தும் கூட.

கிளம்பும்முன் கேஸ் இணைப்பை ஒப்படைத்து டிரான்ஸ்ஃபர் வவுச்சர் வாங்குங்கள். மேகாலயாவுக்கு உள்நுழைவு அனுமதி வேண்டாம். கூட்டங்களுக்காக நாகாலாந்து, மிசோரம், அருணாச்சலம் போவதானால் இன்னர் லைன் பெர்மிட் வேண்டும். ஆளுக்கு 10 பாஸ்போர்ட் சைஸ் போட்டோ கையில் இருக்கட்டும்.

அச்சகத்தான்:

புத்தகம், சான்றிதழ், கீபோர்டு மூன்றுக்கும் நான் சொல்கிறேன்.

காற்றில் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி நின்றால் காகிதத்திலும் தோலிலும் பூஞ்சணம் பிடிக்கும். தோல் அட்டை போட்ட வேதாகமம் முதலில் பச்சையாகும், ரெக்சின் அட்டை எடுங்கள். அன்றாடம் திறந்து வாசிக்கிற புத்தகத்துக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அடுக்கி வைத்ததுதான் போகும். ஆகவே 40 புத்தகம் வேண்டாம், 12 எடுங்கள். மீதியைப் போனிலோ டேப்லெட்டிலோ ஏற்றுங்கள். காரோ மொழி ரோமன் எழுத்தில் எழுதப்படுவதால் வாசிப்பு சீக்கிரம் பிடிபடும். அதற்கான நோட்டு பால்பாயின்ட் பேனாவில் எழுதுங்கள், மை பேனாவும் ஜெல் பேனாவும் ஈரத்தில் பரவும்.

அசல் சான்றிதழ்களை லேமினேட் செய்ய வேண்டாம், பிறகு சரிபார்க்கும் இடங்களில் தொல்லை. அசலை இங்கே வீட்டில் வைத்துவிட்டு, கையெழுத்திட்ட நகல் 3 செட்டும் ஸ்கேனும் கொண்டுபோங்கள். பள்ளி கேட்கிற அசல் மட்டும் ஜிப் உறையில், அந்த உறை ரப்பர் விளிம்புள்ள 20 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டியில். பெட்டிக்குள் 200 கிராம் சிலிக்கா ஜெல், துணி முடிச்சில். நிறம் மாறுகிற வகை வாங்குங்கள். நீலம் வேண்டாம், அதில் கோபால்ட் உப்பு உண்டு, குழந்தை இருக்கிற வீடு. ஆரஞ்சு நிறம் எடுங்கள். ஈரம் குடித்து நிறைந்தால் பச்சையாகும். அதைச் சமையலுக்கு எடுக்காத இரும்புச் சட்டியில் சிறுதீயில் கிளறி, மறுபடி ஆரஞ்சு வந்ததும் இறக்கி, மூடிய பாட்டிலில் ஆறவிட வேண்டும். பெருந்தீயில் வறுத்தால் கருகிக் கெடும். அரிசியைத் துணியில் கட்டி வைப்பது பலன் தராது, அதுவே வண்டு பிடிக்கும். அலமாரிக்குள் பல்பு எரியவிடும் பழைய வழக்கம் எல்.இ.டி. பல்பில் நடக்காது, அதில் போதிய சூடு இல்லை.

இனி கீபோர்டு. தாராளமாகக் கொண்டுபோங்கள், தபலா வேண்டாம் (தோல் தளர்ந்து சுதி நிற்காது). 61 கட்டை, பேட்டரியிலும் ஓடுகிற மாதிரி எடுங்கள். ஈரத்தில் முதலில் போவது கட்டைக்கு அடியில் இருக்கிற ரப்பர் தொடுபுள்ளிகள். சில சுரம் ஒலிக்காது, அல்லது ஓங்கி அடித்தால்தான் ஒலிக்கும். திறந்து, மெல்லிய பஞ்சில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் பெரும்பாலும் சரியாகும். 100 மில்லி பாட்டில் ஒன்றும் நடுத்தர ஸ்டார் ஸ்குரூடிரைவர் ஒன்றும் சேர்த்து வையுங்கள். ஆல்கஹால் தீப்பிடிப்பது, ரயிலில் கொண்டுபோகாமல் கௌஹாத்தியில் வாங்குங்கள். தினம் அரை மணி நேரமாவது இயக்குங்கள், உள்ளே எழும் லேசான சூடே ஈரத்தை விரட்டும். வாசித்ததும் உறைக்குள் தள்ளாதீர்கள். மேலே ஒரு துவர்த்து மட்டும் போட்டு, சுவரை ஒட்டாமல் மேசையில் விடுங்கள். உறையில் போடுவது பயணத்துக்கு மட்டும். பேட்டரியை வாசிக்காத வாரங்களில் கழற்றி வையுங்கள், கசிந்து பச்சை உப்புப் பூத்தால் ஸ்பிரிங் அரித்துப் போகும். அடாப்டருக்கு முன்னால் ஒரு சர்ஜ் பாதுகாப்புப் பலகை வையுங்கள். இடி இடிக்கத் தொடங்கினால் அதையும் நம்பாமல் பிளக்கை உருவிவிடுங்கள்.